டெஸ்க்டாப்பில் கிடந்தது

அந்தப் பொத்தானை அழுத்தாதீங்க தம்பி. தப்பா நினைக்காதீங்க, அடுத்தவங்க மடியில என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கிற ஆளில்ல நான். பஸ்ஸு ரயில்வே கேட்ல நிக்குது, கண்ணு எங்கயாவது போகணும்லா. 'புதுசுக்கு மாறத் தயாரா'ன்னு கேக்குது பாருங்க உங்க லேப்டாப்பு, எங்க வீட்டு மிஷினும் அப்படித்தான் கேட்டுச்சு. ரொம்ப மரியாதையாக் கேக்கும். கீழ ஓரத்துல 'பிறகு ஞாபகப்படுத்து'ன்னு சின்னதாப் போட்டிருக்கும். இப்போதைக்கு அதை அழுத்துங்க. வீட்டுக்குப் போய் சாவகாசமாப் பண்ணிக்கிடுங்க. கல்யாணம் ஆயிருச்சா? அப்போ வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்க.

நான் கேட்டேன். கேக்கலன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எம் மக சொல்லுதா, என் கூட்டாளி அருள்தாஸ் சொல்லுதான், எதிர்வீட்டுக்காரி வரைக்கும் சொல்லுதா. ஆனா நான் கேட்டேன்.

எம் பேரு திருமலைக்கொழுந்து. மின்வாரியத்துல முப்பத்திநாலு வருஷம். ஜே.இ.யா ரிட்டையர் ஆனேன். எங்க வேலையில லைன் கிளியர்னு ஒண்ணு உண்டு. ஒருத்தன் போஸ்ட்ல ஏறி நிக்கான்னா, அவன் இறங்கி வந்து 'நான் இறங்கிட்டேன், லைன்ல ஆளு இல்ல'ன்னு தன் வாயால சொல்லி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் இந்தப் பக்கம் சுவிட்ச் போடணும். முப்பத்திநாலு வருஷத்துல எனக்குக் கீழ வேலை பாத்த ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஏன் சொல்லுதேன்னா, நான் அவசரக்காரன் கிடையாது. அதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கேளுங்க.

எம் மக காந்திமதி புனேல இருக்கா. வேலைக்குப் போன புதுசுல வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டர். கூடத்துல ஜன்னல் ஓரமா இருக்கும். காலையில நான் பேப்பர் படிப்பேன் அதுல, பென்ஷன் சங்கத்துக்கு லெட்டர் அடிப்பேன், பழைய பாட்டு கேப்பேன். மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் எம் வீட்டுக்காரி உக்காருவா. அவ பேரு செண்பகவல்லி. கிராம நர்ஸு. அதுவும் முப்பத்தொரு வருஷ சர்வீஸ். இந்தா இந்த ரோட்டுல இடமும் வலமும் எந்த ஊருல இறங்கி நர்ஸம்மான்னு கேட்டாலும் வீட்டுல கொண்டு விட்டுருவாங்க. மின்வாரியத்து ஐயா வீடுன்னு கேட்டா தெரியாது.

ஏப்ரல் மாசம் ஒரு நாள் காலையில திறந்தா, இப்போ உங்களுக்கு வந்துச்சே, அது மாதிரி வந்துச்சு. விண்டோஸ் பத்து அக்டோபரோட முடியுது, அதுக்குப் பிறகு பாதுகாப்புக்குன்னு ஒண்ணும் அனுப்ப மாட்டோம், பதினொண்ணுக்கு மாறிக்கோ. சரி, நல்லா ஓடிக்கிட்டிருக்கதை எதுக்கு மாத்தணும்? அதே சமயம் பேங்கு வேலையெல்லாம் அதுலதான் பாக்குதேன், எவனாவது உள்ள புகுந்துட்டா? ரெண்டும் நியாயமாத்தான் பட்டுச்சு.

நான் ஒரு நோட்டு போட்டேன். பக்கத்துக்கு நடுவுல கோடு கிழிச்சு, இந்தப் பக்கம் மாத்தலாம், அந்தப் பக்கம் வேண்டாம். யாரு என்ன சொன்னாலும் தேதியோட எழுதிருவேன். எம் மககிட்ட கேட்டேன். "மாத்திருங்கப்பா. ஆனா எல்லாத்தையும் காப்பி எடுத்து வச்சுட்டு மாத்துங்க"ன்னா. பேங்குல கவுண்டர்ல இருக்கிற பொண்ணுகிட்ட கேட்டேன். கேபிள் ஆபீஸ்ல கேட்டேன். பென்ஷன் சங்கத்துல ஒரு கூட்டத்துல எந்திரிச்சே கேட்டேன், நாலு பேரு சிரிச்சாங்க, சிரிக்கட்டும். கூட வேலை பாத்த அருள்தாஸ்தான் விவரமாச் சொன்னான். அவனுக்கு இதுல கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு. "கொழுந்து, மேலோட்டமா மாத்துனா பழைய குப்பையெல்லாம் புதுசுக்குள்ளயும் வந்துரும். மொத்தமாத் துடைச்சுட்டு புதுசா ஏத்து. பென்டிரைவ்ல நான் போட்டுத் தாறேன்"னான்.

ஏப்ரல்ல ஆரம்பிச்சு அக்டோபர் வரைக்கும். ஆறு மாசம் தம்பி. ஆறு மாசம் யோசிச்சிருக்கேன்.

இந்த ஆறு மாசத்துல அவகிட்ட கேக்கலியான்னு நீங்க மனசுல நினைக்கது தெரியுது. அவளுக்கு அதுல என்ன தெரியும்? டைப் அடிக்கத் தெரியும். அவ்வளவுதான். ரிட்டையர் ஆன பிறகு பஜார்ல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு கல்யாணப் பத்திரிகையெல்லாம் அடிச்சுக் குடுக்கும், அதுகிட்டப் போய்த் தமிழ் டைப் படிச்சுட்டு வந்தா. அந்தப் பொண்ணே வீட்டுக்கு வந்து பழைய தமிழ் ஃபாண்ட் எழுத்து ஒண்ணை ஏத்திக் குடுத்துட்டுப் போச்சு. அன்னையில இருந்து மத்தியானம் மத்தியானம் டக்கு டக்குன்னு. எனக்குத் தூக்கம் போகும். ஒரு நாள் கூட மெதுவா அடின்னு சொன்னதில்ல. சொல்லியிருக்கேன், ஒண்ணு ரெண்டு தடவை.

என்ன டைப் அடிச்சான்னு கேக்கீங்களா? அவ டைரியை. வேலையில இருந்தப்போ வருஷத்துக்கு ஒண்ணா முப்பத்தொரு டைரி வச்சிருந்தா. சர்க்காருக்குக் குடுக்கிற ரிஜிஸ்டர் வேற, இது அவ சொந்தமா எழுதினது. அவ கையால பாத்த பிரசவம் எல்லாம். அறுநூத்துச் சொச்சம். எந்த ஊரு, யாரு வீடு, எத்தனை மணி, மழையா வெயிலா, தலை எப்படி வந்துச்சு, பிள்ளையைக் கையில குடுத்ததும் தாய்க்காரி என்ன சொன்னா, இப்படி. வேலைக்குச் சேந்த வருஷத்துல இருந்துதானே ஆரம்பிக்கணும்? இவ கடைசி வருஷத்துல இருந்து பின்னாடி பின்னாடி போனா. "ஏன் தலைகீழாப் போற?"ன்னு கேட்டேன். "கை பழகட்டும்"னா. ஏழெட்டு வருஷமா அடிச்சா. போன ஆனி மாசம் ஒரு நாள் மிஷினை அமத்திட்டு எந்திரிச்சா, முகத்தைக் கழுவிட்டு வந்து, "முடிஞ்சிருச்சு"ன்னா. "நல்லது"ன்னேன்.

ஆடியில பரண் சுத்தம் பண்ணினேன். டைரியெல்லாம் ஒரு சாக்குல கெடந்துச்சு. பாதி கரையான். "இதெல்லாம் அடிச்சாச்சுல்லா?"ன்னு கீழ பாத்துக் கேட்டேன். "ஆமா, அடிச்சாச்சு"ன்னு பின்கட்டுல இருந்து சொன்னா. பழைய பேப்பர்காரன் வாசல்ல நின்னான். போட்டுட்டேன். கம்ப்யூட்டர்ல ஏத்துன பிறகு காகிதம் எதுக்கு? நீங்களே சொல்லுங்க, படிச்சவங்க.

அக்டோபர் பிறந்ததும் முடிவு பண்ணிட்டேன், மாத்திரலாம்னு. நோட்டுல அந்தப் பக்கத்தை விட இந்தப் பக்கம் மூணு வரி கூட. என்னென்ன காப்பி எடுக்கணும்னு லிஸ்ட் போட்டேன். பதினாலு ஐட்டம். பென்ஷன் பேப்பர், வீட்டுப் பத்திரம், காந்திமதி கல்யாண போட்டோ, சங்கத்து லெட்டர், பாட்டு. ஒன்பதாவது என்ன தெரியுமா? 'செண்பகவல்லி டைரி.' நானே என் கையால எழுதியிருக்கேன். லிஸ்ட்டு வீட்டுல இருக்கு. வாறவங்ககிட்ட எடுத்துக் காட்டுவேன். இப்பம் யாரும் பாக்க மாட்டேங்கிறாங்க.

அருள்தாஸ் ஒரு வியாழக்கிழமை காலையில பென்டிரைவைக் கொண்டாந்து குடுத்தான். அன்னைக்கு அவளுக்கு வேலாயுதக்குளத்துல ஒரு வளைகாப்பு. இவ கையில பிறந்த பிள்ளைக்கு இப்பம் பிள்ளை வரப்போகுது, நர்ஸம்மா வந்தே ஆகணும்னு வண்டி அனுப்பியிருந்தாங்க. சேலை கட்டிக்கிட்டு நிக்கும்போது கேட்டேன்.

"உன்னோடது வேற ஏதும் இருக்கா அதுல?"

"இருக்கு. நான் வந்து காட்டுதேன். நாலு மணி பஸ்ல வந்துருவேன், அது வரைக்கும் தொடாதீங்க."

"டைரி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"நான் வந்துருதேங்க."

இதான் பேச்சு. ஒரு வார்த்தை கூட்டல குறைக்கல.

அவ போனதும் பேப்பர் படிச்சேன். காப்பி போட்டுக் குடிச்சேன். மணி பத்தரை. பென்டிரைவ் மேசையில கெடக்கு. அவ வந்துட்டா பக்கத்துல நிப்பா. இது என்ன, அது என்னன்னு கேப்பா. எனக்கு ஒருத்தர் பக்கத்துல நின்னா வேலை ஓடாது, அது சர்வீஸ்ல இருந்தே அப்படி. அதோட, அவ திரும்பி வரும்போது புதுசா, பளிச்சுன்னு இருந்தா சந்தோஷப்படுவாள்லான்னு ஒரு நினைப்பு. அது பொய் இல்ல.

ஒவ்வொண்ணா காப்பி எடுத்து டிக் அடிச்சேன். ஒன்பதாவதுக்கு வந்தேன். 'அம்மா'ன்னு ஒரு ஃபோல்டரு, காந்திமதி எப்பமோ வச்சுக் குடுத்தது. உள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு ஃபைலு இருந்துச்சு. திறந்து பாக்கல. அடுத்தவங்க எழுதினதைப் படிக்கிறது எனக்குப் பிடிக்காது. எடுத்தாச்சு, டிக். எல்லாம் முடிஞ்சு பாக்கும்போது டெஸ்க்டாப்புல ஒரு மூலையில இன்னொண்ணு கெடந்துச்சு. பேரைப் பாத்தா இங்கிலீஷ் எழுத்து அஞ்சாறு, கடைசியில ஒரு அரைப்புள்ளி. வாயில நுழையாத பேரு. உள்ள போனா வரிசையா இருபது முப்பது, எல்லாத்துக்கும் அதே மாதிரி கிறுக்குப் பேரு. வைரஸ் இப்படித்தான் கன்னாபின்னான்னு பேரு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்னு சங்கத்துல ஒருத்தர் சொல்லியிருந்தாரு. அருள்தாஸுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டா அவன் 'இது கூடத் தெரியாதா'ன்னு நாலு நாள் சொல்லிக்கிட்டுத் திரிவான். அதனால போடல.

துடைக்கவான்னு கேட்டுச்சு. எல்லாம் போயிரும், சம்மதமான்னு மறுபடியும் கேட்டுச்சு. சம்மதம்னு அழுத்தினேன்.

ஒண்ணரை மணிக்கெல்லாம் முடிஞ்சிருச்சு. நாலரைக்கு வந்தா. கை நிறைய கண்ணாடி வளையல், ரெண்டு கையிலயும் போட்டு விட்டிருந்தாங்க. மூஞ்சி நல்லா மலர்ந்திருந்துச்சு. "வா, வா, இங்க உக்காரு"ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "பாரு, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துருது"ன்னு காட்டினேன். அவ திரையில ஒரு மூலையையே பாத்துக்கிட்டிருந்தா.

"மத்தது?"ன்னா.

"எது மத்தது?"

"இங்க கெடந்ததே."

"அதுவா, அது வைரஸ். உன்னோடது பத்திரமா இருக்கு, இரு"ன்னு அந்த 'அம்மா' ஃபோல்டரைத் திறந்து, முத ஃபைலைத் திறந்து காட்டினேன்.

தம்பி, அதைத் திறந்தா, உள்ள பூரா அதே கிறுக்கல். இங்கிலீஷ் எழுத்து, அரைப்புள்ளி, அடைப்புக்குறி, மறுபடியும் இங்கிலீஷ் எழுத்து. ஒரு வார்த்தை தமிழ் இல்ல. ஜெசிந்தா ஏத்திக் குடுத்த அந்தப் பழைய எழுத்து மிஷினை விட்டுப் போயிருச்சுல்லா, அதனால தமிழா அடிச்சதெல்லாம் அப்படித் தெரியுது. அப்பம்தான் எனக்கு உறைச்சுச்சு. காலையில நான் பாத்த பேரும் இதே மாதிரித்தானே இருந்துச்சு.

அவ சத்தமே போடல. "இங்க கெடந்தது, பிரசவம்னு நான் வச்ச பேருங்க"ன்னா. "அம்மாங்கிறதுல நான் முதல்ல அடிச்ச மூணு டைரிதான் இருக்கு. இடம் பத்தலையோன்னு மீதியை வெளிய தனியா வச்சேன்."

நான் அந்த ஃபைலை மூடினேன்.

"போகட்டும். டைரியை வச்சு மறுபடி அடிச்சுக்கிடுதேன். பரண்ல எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க?"

சொல்லத்தானே வேணும். சொன்னேன். "நீதானே அடிச்சாச்சுன்னு சொன்னே"ன்னும் சொன்னேன். அது உண்மைதானே. அவ அந்த வளையலை ஒண்ணொண்ணாக் கழத்தி மேசையில வச்சா. எல்லாத்தையும் கழத்தி முடிக்கிற வரைக்கும் நானும் நின்னேன். பிறகு போய் அரிசி களைஞ்சா.

காப்பி எடுத்த மூணு டைரி, ஜெசிந்தா வந்து அந்த எழுத்தை மறுபடி ஏத்தினதும் சரியாயிருச்சு. மீதிக்காகத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனேன், அழிஞ்சதை எடுத்துத் தாறவங்க இருக்காங்கன்னு. மேல புதுசு எழுதியாச்சு சார்னாங்க. ஒரு வாரம் வச்சிருந்து எண்பது பக்கம் குடுத்தாங்க. ஒரு ஊரு பேரு இருக்கும், ஆளு இருக்காது. 'தாய் சொன்னது'ன்னு இருக்கும், அதுக்கப்புறம் வெறும் கட்டம் கட்டமா இருக்கும்.

அருள்தாஸ் வந்தான். எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஏன்யா, லைன் கிளியர் வாங்காமலா சுவிட்ச் போட்டே?"ன்னான். அவ முன்னாடியே கேக்கான். பென்டிரைவைக் கொண்டாந்து குடுத்தவன் யாரு? மொத்தமாத் துடைன்னு சொன்னவன் யாரு? அன்னையோட அவன்கூடப் பேச்சு இல்ல.

அவ என்னை ஒரு குத்தம் சொல்லல தம்பி. ரெண்டு நாள் கழிச்சு ஒரு நோட்டு வாங்கினா, கோடு போட்டது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வாங்குமே அது. காலையில ஏழு மணிக்கு சோறு பொங்கி எனக்கு எடுத்து மூடி வச்சுட்டுக் கிளம்பிருவா. ஒரு நாளைக்கு ஒரு ஊரு. வீடு வீடாப் போய் உக்காந்து, உம் மக பிறந்தது எந்த நேரம், அன்னைக்கு யாரு யாரு இருந்தா, நான் நடந்து வந்தேனா மாட்டு வண்டியில வந்தேனா, கேட்டு எழுதுதா. அறுபத்தஞ்சு வயசு. முட்டி வலி வேற. சாயங்காலம் வருவா, சமைப்பா, "சாப்பிட வாங்க"ம்பா. மாத்திரை போட்டாச்சாம்பா. ஒரு குறையும் கிடையாது. சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். எனக்கும் சொல்றதுக்கு இருக்குல்லா.

ஒரு நாள் பிரஷர் மாத்திரையை மறந்து வச்சுட்டுப் போயிட்டா. எடுத்துக்கிட்டு மேலப்பாறைக்குளம் போனேன். ஒரு வீட்டு முத்தத்துல பத்துப் பொம்பளைங்க, நடுவுல இவ. எல்லாம் சிரிச்சுக்கிட்டிருந்துச்சு. என்னைப் பாத்ததும் நின்னு போச்சு. ஒரு அம்மா டீ கொண்டாந்து குடுத்தா. குடுத்துட்டு, "நீங்கதானா அது"ன்னா. எது நான்? இன்னொருத்தி சொல்லுதா, "எங்க ஆத்தா கடைசியா என்ன சொன்னான்னு நர்ஸம்மா எழுதி வச்சிருக்குன்னு இருந்தோம் ஐயா. ஆத்தா என்னைப் பெத்துட்டுப் போனவ. நான் மூஞ்சி பாக்கல"ன்னு. "பெர்த் சர்ட்டிபிகேட்டு ஆபீஸ்ல கிடைக்கும்மா, நான் வேணா எழுதித் தாறேன்"னேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. உதவி பண்ணுதேன்னு சொன்னது தப்பா? பாதி டீயில எந்திரிச்சு வந்துட்டேன்.

கேட் திறந்துட்டான் போல. உங்களுக்கு எங்க இறங்கணும்? சரி, நேரம் இருக்கு.

ஞாயித்துக்கிழமை நடந்ததைச் சொல்லுதேன். இதை யாருகிட்டயும் சொல்லல. காந்திமதிகிட்டக் கூட.

மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு ஈசிச் சேர்ல கெடந்தேன். அவ நாற்காலியை இழுத்து எனக்கு எதிர்ல போட்டு உக்காந்தா. கையில அந்த நோட்டு. ஊருல மத்தவங்ககிட்ட எப்படிக் கேப்பாளோ, அதே மாதிரி கேட்டா.

"பெரியவன் பிறந்த அன்னைக்கு உங்களுக்குத் தகவல் எத்தனை மணிக்கு வந்துச்சு?"

காந்திமதிக்கு முன்னால ஒண்ணு பிறந்தது. ஆம்பளைப் பிள்ளை. எண்பத்தேழு, ஐப்பசி மாசம், அடைமழை. இவ வேலை பாத்த ஊருலயே, குவார்ட்டர்ஸ்ல, மாசம் நிறையாம வலி வந்துருச்சு. நான் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி சப்ஸ்டேஷன்ல இருந்தேன். பிள்ளை காலையில பிறந்து, சாயங்காலம் மூணு மணி வரைக்கும் இருந்திருக்கான். நான் போய்ச் சேரும்போது நாலே கால். துணியில சுத்தி வச்சிருந்தாங்க. அதையும் அவ டைரியில, வேலைக்குச் சேந்த முத வருஷத்து டைரியிலயே, எழுதியிருந்திருக்கா. இப்பம் அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைத்தான் கடைசியா அடிச்சு முடிச்சிருக்கா, அந்த ஆனி மாசம், முகம் கழுவிட்டு வந்தாளே, அன்னைக்கு.

"அதையெல்லாம் இப்பம் எதுக்குக் கேக்க?"ன்னேன்.

"என்னோடது எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களோடதுதான் விட்டுப் போச்சு. ரெண்டு மணிக்கு மேலதான் தகவல் வந்துச்சுன்னு அப்பம் நீங்க சொன்னீங்க, அப்படித்தான் எழுதியிருந்தேன். சரிதானான்னு கேட்டுக்கிடுதேன்."

"ஞாபகம் இல்ல"ன்னேன்.

அவ குனிஞ்சு எழுதினா. 'அவருக்கு ஞாபகம் இல்லை.' நான் இருந்த இடத்துல இருந்தே தெரிஞ்சுது, அவ எழுத்து பெரிய எழுத்து. மூடி வச்சுட்டு உள்ள போயிட்டா.

ஞாபகம் இல்லாம என்ன தம்பி. போன் வந்தது பதினொண்ணரைக்கு. சுவத்துக் கடிகாரத்துக்கு நேர் கீழதான் போன் இருந்துச்சு. "பிள்ளை பிறந்திருக்கு, கொஞ்சம் கஷ்டம், உடனே வாங்க"ன்னாங்க. எங்க அதிகாரி அப்பமே கிளம்புய்யான்னுட்டாரு. ஜீப்பும் நின்னுச்சு. மழை அப்படி அடிக்குது, ஊருகளுக்குக் கரண்ட் போற ரெண்டு ஃபீடர் லைன் விழுந்து கெடக்கு, இந்த நேரத்துல விட்டுட்டுப் போறது முறையா, போனா நான் அங்க என்ன பண்ணப் போறேன், நர்ஸுங்க இருக்காங்களேன்னு யோசிச்சேன். ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் பட்டுச்சு. யோசிச்சுக்கிட்டே மூணு மணி வரைக்கும் போனுக்குப் பக்கத்துல கெடந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்.